ராஜாவுக்கு ‘அவர்’, சீமாட்டிக்கு ‘அவளா’?

தமிழில் உலக வரலாறு சொல்லும் ஒலித்தொடர்க் குழுவினருக்கு,

வணக்கம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அரண்மனைப் பெண்களைப் பற்றிய உங்கள் பகுதியைச் சென்ற வாரம் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். “ராணியின் கள்ளக்காதலுக்குத் தூது போன வேலைக்காரி ஜேன்” என்று வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். “உங்கள் பேராதரவுக்கு நன்றி” என்று பதில் வந்தது. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

நீங்கள் வேலைக்காரி என்றது ரோச்போர்ட் சீமாட்டி ஜேன் போலினை. ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் போலின் இவருக்கு நாத்தனார். அரகானின் கேத்தரின் தொடங்கி கேத்தரின் ஹோவர்ட் வரை ஹென்றியின் ஐந்து அரசிகளுக்கு உடனிருந்தவர். அது பாத்திரம் தேய்க்கிற வேலை இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். பிரான்சின் காலே நகரை ஹென்றிக்காக ஆண்ட லைல் பிரபுவின் மனைவி, தன் மகள்களில் ஒருவருக்கு அந்த இடம் கிடைக்க வேண்டுமென்று, 1537இல் கர்ப்பமாக இருந்த அரசி ஜேன் சீமோருக்குக் கடல் தாண்டிக் காடை அனுப்பிக்கொண்டே இருந்தார். அரசி இரண்டு மகள்களையும் பார்த்துவிட்டு ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டார். வீட்டு வேலைக்குச் சேர யாராவது காடை அனுப்புவார்களா?

ஜேனின் கணவர் ஜார்ஜின் தலை 1536இல் ஹென்றியின் ஆணையில் போனது. கையில் காசில்லாமல் ஹென்றியின் அமைச்சர் குரோம்வெல்லுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினார் ஜேன். அப்புறம் கணவரைக் கொன்றவரின் அரண்மனைக்கே திரும்பி வந்தார். 1541 கோடையில் அரச குடும்பம் வடக்கே சுற்றுப்பயணம் போனபோது, அரசி கேத்தரின் ஹோவர்ட் இரவில் ஹென்றியின் அந்தரங்கப் பணியாளர் தாமஸ் கல்பெப்பரைச் சந்திக்க ஜேன் உதவினார். தவறுதான். ஆனால் அந்த இடத்தில் இருந்தவருக்கு அரசி சொன்னதைச் செய்யாவிட்டால் வேலை போகும், செய்தால் தலை போகும். பிடிபட்டதும் சிறையில் ஜேனுக்குச் சித்தம் கலங்கியது. சித்தம் கலங்கியவரைக் கொல்லச் சட்டம் இடம் தரவில்லை. ஹென்றி என்ன செய்தார்? தன் மருத்துவர்களை அனுப்பி வைத்தியம் பார்த்தார், கூடவே ராஜதுரோகம் என்றால் பைத்தியத்தையும் கொல்லலாம் என்று சட்டத்தையே மாற்றிவிட்டார். விசாரணை கிடையாது. 1542 பிப்ரவரி 13 அன்று அரசிக்கு அடுத்து ஜேனின் தலையும் விழுந்தது.

இப்படிச் செய்த ஹென்றிக்கு உங்கள் பகுதி முழுக்க ‘மாமன்னர் அவர்’. ஜேனுக்கு ‘அவள் போனாள், அவள் மாட்டினாள்’. ஆங்கிலத்தில் இல்லாத இந்த அவமரியாதையைத் தமிழில் சேர்த்தது நீங்கள்தான். தயவுசெய்து அந்த ‘வேலைக்காரி’யை எடுங்கள், ‘அவர்’ போடுங்கள்.

எலிசபெத் பிளவுண்ட் கதையும் இப்படித்தான். முதல் அரசியிடம் பணியில் இருந்தவர், 1519இல் ஹென்றிக்கு ஒரு மகனைப் பெற்றார். அந்தப் பையன் ஆறு வயதில் ரிச்மண்ட் டியூக் ஆனான். உங்கள் கணக்கில் மகன் டியூக், அப்பா மாமன்னர், அம்மா மட்டும் வைப்பாட்டி! போதாததற்கு ‘அந்தப்புர ரகசியங்கள்’ என்று தலைப்பு வேறு. பிரபுக்களும் தூதர்களும் வாத்தியக்காரர்களும் வந்துபோன அரசியின் அறைகள் எப்போது அந்தப்புரமாயின? அடுத்து ஹென்றியின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் பல்லக்கும் வரும் போல.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் உழைப்பின் மீது மதிப்பு இருப்பதால்தான் எழுதுகிறேன். சீமாட்டி என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. வேலைக்காரி வருகிற இடங்களில் அதையும், அவள் வருகிற இடங்களில் அவரையும் போட்டு மறுபதிவு செய்தால் போதும். கேத்தரின் ஹோவர்ட் பகுதி வரும் ஞாயிறு என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்குள் முடிந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
முதல் பகுதியிலிருந்து கேட்டுவரும் ஒரு நேயர்