எடுபிடி வேலை போனால் யார் கற்றுக்கொடுப்பார்கள்?

ராயபுரம், சென்னை

அன்புள்ள மகன் கதிரவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கான ஆறு மாதப் பயிற்சியை, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையோடு ஆறு வாரமாகச் சுருக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாகச் சொல்லி, திட்டத்தை அனுப்பி என் கருத்தைக் கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

லிங்கிச் செட்டித் தெருவில், இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் எங்கள் கிளியரிங் அலுவலகத்தில் பயிற்சி என்று தனியாக எதுவும் நடந்ததில்லை. புதிதாக வரும் பையன் முதலில் ஜெராக்ஸ் எடுப்பான். பிறகு இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் ஒத்துப் பார்ப்பான். அது பழகியபின், சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரிக்கு முன்வரைவாகச் செக்லிஸ்ட்டைப் போடுவான். மூத்தவர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது பெருந்தன்மையால் அல்ல. அவன் தப்பாகப் போட்டால் சாயங்காலம் அவர்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும். அவன் தேறிவிட்டால் அவருடைய சுமை குறையும். அப்படித் திட்டு வாங்கித் தேறியவர்கள்தான் பின்னாளில் சுங்கத் துறையின் தேர்வெழுதி, தேறியவர்களுக்குத் தரும் ஜி கார்டு வாங்கினார்கள்.

இப்போது இன்வாய்ஸைக் கொடுத்தால் கருவியே படித்துச் செக்லிஸ்ட்டை நிரப்பிவிடுகிறது. சென்ற மாதம் பம்புகளுக்கான ரப்பர் வளையங்கள் வந்தன. இன்வாய்ஸில் பம்ப் பார்ட்ஸ் என்றிருந்ததால், கருவி அதைச் சுங்கத் தீர்வை அட்டவணையில் பம்புகளுக்குரிய 8413 என்ற எண்ணில் கொண்டுபோய் வைத்தது. எங்கள் புதுப் பையனும் அப்படியே என் மேசைக்கு அனுப்பிவிட்டான். இயந்திரங்களில் பயன்படும், வல்கனைஸ் செய்த சாதாரண ரப்பர் பொருட்கள் இந்தப் பிரிவில் சேராது என்று, 8413 அடங்கிய 16ஆம் பிரிவின் முதல் குறிப்பே விலக்கிவிடுகிறது. அவை 4016க்குப் போக வேண்டியவை. நான் எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கேட்லாக் எங்கே என்று மட்டும் கேட்டேன். அவன் அதைத் திறக்கவே இல்லை. திறக்க வேண்டிய வேலை அவனுக்கு வரவில்லை. பழைய காலத்துப் பையனும் முதல் தடவை 8413 என்றுதான் போட்டிருப்பான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணைத் தேடிப் பக்கம் புரட்டும்போது அந்தக் குறிப்பு எங்காவது அவன் கண்ணில் பட்டிருக்கும்.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. 2020 ஜூன் 8ஆம் தேதி, முகம் பாராத சுங்க மதிப்பீடு நாட்டிலேயே முதலில் சென்னையிலும் நீ இருக்கும் பெங்களூரிலும்தான் தொடங்கியது. அதுவரை குவரி, அதாவது சரக்கைப் பற்றி அதிகாரியின் கேள்வி, வந்தால் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்குப் போய், சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியிடம் நேரில் விளக்கலாம். அதற்குப் பிறகு வேறு ஊரில் இருக்கும் ஓர் அதிகாரி திரையில் கேட்கும் கேள்விக்கு எழுத்தில் பதில் தர வேண்டியதாயிற்று. பேச்சில் கெட்டிக்காரர்கள் திணறினார்கள். சரக்கை நாலு வரியில் விளங்கவைக்கத் தெரிந்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள். இன்று அந்த நாலு வரியையும் கருவி நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தருகிறது. காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண், பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலத்தில் மெயில் போடவே பயந்துகொண்டிருந்தாள். இப்போது தயக்கமில்லாமல் பதில் அனுப்புகிறாள். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் அந்த வரிகள் அந்தச் சரக்குக்குப் பொருந்துகின்றனவா என்பதை அவள்தான் பார்த்தாக வேண்டும்.

நீ அனுப்பிய தாள்களில் 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைக் குறிப்பிட்டிருந்தாய். வாடிக்கையாளர் சேவையில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருவி கொடுத்ததில் ஒரு மணி நேரத்தில் அவர்கள் முடிக்கும் வேலை சராசரியாக 14 சதவீதம் கூடியது, புதியவர்களுக்கு 34 சதவீதம் கூடியது, அனுபவசாலிகளுக்கோ பெரிய மாற்றமில்லை என்ற அந்தக் கணக்கைத்தான் உங்கள் நிர்வாகமும் காட்டுகிறது. சரியான கணக்குதான். ஆனால் அந்தக் கருவி கற்றுக்கொண்டதே கைதேர்ந்தவர்களின் உரையாடல்களிலிருந்து என்பதை ஏன் அடிக்குறிப்பில் தள்ளினாய்? நாளைக்குக் கைதேர்ந்தவர்கள் உருவாகவில்லை என்றால், அது யாரிடம் கற்கும்? தேர்ந்தவர்களுக்கும் கை மழுங்கும் என்பதற்கு 2025இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த போலந்து ஆய்வைப் பார். பெருங்குடல் பரிசோதனையில் செயற்கை நுண்ணறிவுக்குப் பழகிய மருத்துவர்கள், அது இல்லாமல் பார்த்தபோது, கட்டிகளைக் கண்டுபிடித்த விகிதம் ஏறத்தாழ 28 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக இறங்கியிருந்தது. அவர்கள் ஆயிரக்கணக்கில் பரிசோதனை செய்து பழகியவர்கள். பழகவே ஆரம்பிக்காத, உன்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் நிலை என்ன?

என் பெரிய கவலை கருவியின் தவறுகள் அல்ல. எடுபிடி வேலையைக் கருவி எடுத்துக்கொண்டபின் மூத்தவருக்குச் சின்னவன் தேவைப்படவில்லை. தேவைப்படாதவனுக்கு யாரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள். முன்பு தானாக நடந்ததை இனி நிறுவனம் காசு கொடுத்துத்தான் நடத்த வேண்டியிருக்கும். கருவியைக் கையாளச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் போதும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மீதி நாட்களில் புதியவர் முதலில் தன் விடையையும் அதற்கான காரணத்தையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் கருவியின் விடை அவருக்குத் தெரிய வேண்டும். இரண்டும் வேறுபடும் இடத்தில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். வேண்டுமென்றே தவறான விடைகளைக் கலந்து கொடுத்து, எத்தனையைப் பிடிக்கிறார்கள் என்றும் பாருங்கள். இதையெல்லாம் செய்தால் ஆறு வாரம் நிச்சயம் போதாது; மூன்று மாதமாவது ஆகும் என்பது என் கணிப்பு, உன் மேலதிகாரிக்குப் பிடிக்காமல் போகலாம்.

சொல்லிக்கொடுக்கும் மூத்தவரின் நேரம் அவருடைய வேலைக் கணக்கிலும் ஆண்டு மதிப்பீட்டிலும் ஏறவில்லை என்றால், முதல் அவசர வேலை வந்த அன்றே அவர் எழுந்து போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. உன் திட்டத்தில் கருவிக்கான செலவுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். மூத்தவர்களின் நேரத்துக்கு எவ்வளவு என்று தேடிப் பார்த்தேன், காணவில்லை. அதைச் சேர்த்து மறுபடி அனுப்பு, படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா