கண்மூடிக் கிடந்தவர் பேச்சைக் குறித்தது யார்?

வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பாடத்தில் வைக்கும்போது மன்னராட்சியை வீழ்த்திய தளபதி கிராம்வெல்லோடு, பெண் தீர்க்கதரிசி அன்னா டிராப்னெல்லையும் சேருங்கள். "பெண் தீர்க்கதரிசிகளும் இருந்தனர்" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவதாக இருந்தால் விட்டுவிடுவதே மேல்.

அன்னா லண்டனை அடுத்த பாப்லரில் கப்பல் தச்சர் ஒருவரின் மகள். விவிலியத்தின் தானியேல் ஆகமம் சொல்லும் நான்கு அரசுகள் ஒழிந்து கிறிஸ்துவின் ஐந்தாம் அரசு வரப்போகிறது என்று நம்பிய கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர்கள் நம்பியிருந்த 'பேர்போன்' (Barebone) என்ற நாடாளுமன்றம் 1653 டிசம்பர் 12-இல் கலைந்தது. நான்கே நாளில் கிராம்வெல் 'நாட்டுக் காப்பாளர்' என்ற பட்டத்தோடு ஆட்சித் தலைவரானார். 1654 ஜனவரி 7-இல், ஒரு போதகரின் விசாரணைக்காக அரசு மாளிகையான வைட்ஹால் போன அன்னா அங்கேயே பரவசத்தில் ஆழ்ந்தார். பக்கத்து விடுதியில் 11 பகல், 12 இரவு கிடந்து தீர்க்கதரிசனம் சொன்னார். முதல் ஐந்து நாள் அன்ன ஆகாரமில்லை. பிறகு நாளுக்கு ஒருமுறை பீரில் நனைத்த ரொட்டி கொஞ்சம்.

மாணவர் சறுக்குவது தேதியில்தான். அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு பிறப்பது மார்ச் 25-இல். ஆகவே பழைய தாள்களில் அந்த ஜனவரி 1653 என்றே இருக்கும். அப்படியே எடுத்துக்கொண்டால், கிராம்வெல் பதவியேற்க 11 மாதம் முன்பே அன்னா எல்லாவற்றையும் கண்டுவிட்டதாக ஆகிவிடும். ஒரு தேதிப் பிழை தீர்க்கதரிசனத்தைப் பலிக்கவைத்துவிடும்! உண்மையில் அது நடந்து முடிந்ததன்மேல் வந்த கண்டனம். ஒருகாலத்தில் விவிலிய வீரர் கிதியோனாக அன்னா கண்ட கிராம்வெல், இப்போது அவருடைய தரிசனத்தில் மனித முகங்கொண்ட மாட்டு மந்தையின் தலைமாடாகக் கொம்போடு அன்னாமீதே பாய்கிறார்.

அடுத்தது, எழுதியவர் யார் என்ற கேள்வி. அன்னாவின் பரவசப் பேச்சைத் தரும் 'கல்லின் கூக்குரல்' என்ற அச்சுநூலில் முதல் நான்கு நாள் பேச்சே இல்லை, குறித்துக்கொள்ள ஆளில்லை. பிறகு எழுத வந்தவரும் கூட்ட இரைச்சலில் சில இடங்கள் காதில் விழவில்லை என்கிறார். அந்த விடுபடல்களை நிரப்பிவிடாமல் அப்படியே மொழிபெயருங்கள். மாட்ரிட்டில் 1587 முதல் 1590 வரை லுக்ரேசியா தெ லியோன் என்ற இளம்பெண் கண்ட 400-க்கும் மேற்பட்ட கனவுகளைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். அங்கே பேனா பிடித்தவர்கள் குருமார்.

பைத்தியம் என்று ஒதுக்குவதும் சரியில்லை. அரசு அப்படி ஒதுக்கவில்லை. அன்னாவின் பேச்சை அச்சிட்டு, அவரை ஊரூராக அனுப்பப் போகிறார்கள் என்று அரசின் பத்திரிகையாளர் நெடம் பிப்ரவரியிலேயே கிராம்வெல்லுக்கு எழுதிவிட்டார். தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வாலில் அவரைப் பிடிக்க வந்த அதிகாரிகள், நடிக்கிறாரா என்று பார்க்க இமையை விரித்தார்கள், மூக்கைக் கிள்ளினார்கள். பிறகு லண்டன் பிரைட்வெல் சிறை.

இமையும் மூக்கும் பற்றிய செய்தி அவரே தம் தரப்பில் வெளியிட்ட மற்றொரு நூலில் வருகிறது. இரண்டிலிருந்தும் இரண்டிரண்டு பக்கம் மூலபாடமாகத் தாருங்கள். தேர்வில் தேதி கேட்பதைவிட, இந்த நான்கு பக்கத்தில் யார் பேசுகிறார் என்று கேளுங்கள்.