ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு நியாயமான மதிப்பீடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இந்தியக் கார்களைப் பற்றி எழுதுவோர் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பத்தி பத்தியாக இடம் ஒதுக்குகிறார்கள். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் தொழிற்சாலையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை மட்டும் 'பார்வைக்கு அழகு, உழைப்புக்கு ஆகாது' என்பதுபோல் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை ஏற்க முடியவில்லை.

அதன் குறைகள் உண்மையானவை. 1961-ல் இங்கே உற்பத்தி தொடங்கியபோது அதற்கு இரண்டே கதவுகள். வயதானவர்கள் பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் இருக்கையில் இருப்பவர் இறங்கி வழிவிட வேண்டும். ஆட்களும் மூட்டைகளும் நிறைந்து வண்டி தாழ்ந்தால், ஸ்விங் ஆக்சிலில் (இரு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் அச்சில்) பொருத்தப்பட்ட பின்சக்கரங்களின் மேற்பகுதி உட்பக்கமாகச் சாயும். டயர்களின் உள்விளிம்பு விரைவில் தேயும். வேகமாக வளையும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பகுதி நிலைதடுமாறக்கூடும். கூட்டுக் குடும்பத்தோடு பயணம் செய்தவர்கள் இவற்றைச் சொல்லிக் குறைப்பட்டதில் தவறில்லை.

ஆனால் அதே வண்டியின் மறுபக்கத்தை ஏன் எவரும் எழுதுவதில்லை? இங்கிலாந்தில் ட்ரயம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் 1959-ல் வெளிவந்த இதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலோட்டி. தனிச் சேஸிஸின் (அடிச்சட்டகத்தின்) மேல் உடற்கூட்டைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு இணைத்திருந்தார்கள். அதனால் இணைப்புகளில் மழைநீர் கசிந்தது என்பது மெய்தான். அடிபட்ட பகுதியை மட்டும் கழற்றி மாற்ற முடிந்ததும் அதனால்தான். முன்சக்கர மறைப்புகளோடு சேர்ந்து மொத்த பானெட்டும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் என்பதால், எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் ஆகிய அனைத்தும் மெக்கானிக்கின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. பிற வண்டிகளில் குனிந்தும் படுத்தும் செய்ய வேண்டிய வேலைகள் பலவற்றை இதில் நின்றபடியே செய்யலாம். வெறும் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும் இந்தக் கார், நம் பழைய நகரங்களின் குறுகிய தெருக்களுக்கு எவ்வளவு பொருத்தமானது என்று நான் விளக்கத் தேவையில்லை. அதன் 948 சிசி எஞ்சின் அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சினுக்கு முன் சிறியதாகத் தெரிந்தாலும், அது இழுக்க வேண்டிய எடையும் குறைவு என்பதை ஒப்பிடுவோர் மறந்துவிடுகிறார்கள். முன்னதாக வந்த ஸ்டாண்டர்ட் டென் காரிலும் அதே அளவு எஞ்சின் இருந்ததால், அது நம் பட்டறைகளுக்குப் புதியதும் அல்ல.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. வாங்கியவர்களின் குறைகளை இந்த நிறுவனம் கேட்டது. இங்கிலாந்தில் ஒருபோதும் தயாரிக்கப்படாத நான்கு கதவு ஹெரால்டை 1960-களின் பிற்பகுதியில் நம் ஊரிலேயே உருவாக்கினார்கள். அடுத்து, புகாருக்கு இடமான ஸ்விங் ஆக்சிலை நீக்கி இரு பின்சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் வழக்கமான நேர் ஆக்சிலைப் பொருத்தினார்கள்; முகப்பும் மாறியது. 1970-களில் கெஸல் என்ற பெயரில் ஓடியது இந்த வண்டிதான். வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆண்டுகளைக் கடத்துவது வழக்கமாக இருந்த ஒரு காலத்தில், கதவையும் ஆக்சிலையும் மாற்றுவது சிறிய காரியமன்று. ஆயினும் 1961-ன் இரண்டு கதவு வண்டிக்குச் சொன்ன குற்றங்களையே கெஸலின் மீதும் இன்றுவரை சுமத்துகிறோம்.

அதே நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் 2000 தோற்றதும் ஹெரால்டின் பெயரைக் கெடுத்தது என்றே நினைக்கிறேன். பிரிட்டனின் ரோவர் காரின் உடலுக்குள் பழைய எஞ்சினைப் பொருத்திய அந்த விலையுயர்ந்த கார் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. அந்தத் தோல்விக்கும், கால் நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய ஒரு சிறிய குடும்பக் காரின் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சென்னையின் கார் தொழிலைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் மறைமலைநகர் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆகிய 1990-களின் ஆலைகளிலிருந்தே தொடங்குகின்றன. மறைமலைநகருக்குச் செல்லும் அதே ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் பல ஆண்டுகளுக்கு முன்பே கார் செய்த வண்டலூரையும் தங்கள் நாளிதழ் அவற்றில் சேர்க்க வேண்டும். ஹெரால்டிலும் கெஸலிலும் வேலை பார்த்த தொழிலாளர்கள், மெக்கானிக்குகள் ஆகியோரின் நினைவுகளைக் கேட்டுப் பதிவுசெய்யவும் தங்களை அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாம்பரம்