குழந்தைகள் இல்லத்தை மறந்துவிட்டீர்கள்

ஆசிரியருக்கு,

நிலத்தையும் வருமானத்தையும் பொதுவாக வைத்து வாழ உருவான இஸ்ரேலியக் கூட்டுக் குடியிருப்பு கிப்புட்ஸ். அதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். 1910-இல் பத்து ஆண்களும் இரண்டு பெண்களும் கலிலேயக் கடலோரம் முதல் கிப்புட்ஸான தெகானியாவைத் தொடங்கிய கதையும், 2007-இல் அங்கேயே சம்பள வித்தியாசம் வந்ததும் விரிவாக இருந்தன. ஆனால் குழந்தை வளர்ப்பை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே!

பல கிப்புட்ஸ்களில் பிள்ளைகள் இரவிலும் பெற்றோருடன் தூங்கவில்லை. குழந்தைகள் இல்லத்தில் தம் வயதுப் பிள்ளைகளோடு படுத்தார்கள். மாலையில் சில மணி நேரம்தான் அப்பா அம்மாவோடு. பெண்களை அடுப்படியிலிருந்து விடுவிக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். ஆனால் பொதுச் சமையலறையிலும் சலவைக்கூடத்திலும் குழந்தைகள் இல்லத்திலும் வேலை பார்த்தது பெரும்பாலும் அதே பெண்கள்தான். நள்ளிரவில் விழித்து அம்மாவைத் தேடியதை அங்கு வளர்ந்தவர்கள் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். படிக்கும்போது நெஞ்சு அடைத்தது.

தாய்மார்கள் விடாமல் கேட்டதால், 1990-களுக்குள் அந்த வழக்கம் கிப்புட்ஸ்களில் ஒழிந்தது. நிலமும் வருமானமும் பொதுவாக இருந்ததை எழுதிய அளவுக்கு இதையும் எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு இதழில் இடம் ஒதுக்குங்கள்.

ஒரு வாசகி,
கும்பகோணம்