கல்லியைக் கலைத்துவிடாதீர்கள்

தாராவி மறுசீரமைப்புத் திட்ட அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மும்பை தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு கல்லியில், அதாவது சந்தில், பிறந்து வளர்ந்தவள். எங்கள் குடிசைகளை இடித்து நீங்கள் கட்டும் புதுக் கட்டடம் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்ற யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான் கேட்பது வேறு.

அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. நான் ஒன்பதாவது படிக்கும்போது நோயில் படுத்துவிட்டார். அம்மா இட்லி வியாபாரம் தொடங்கினார். அதற்குள் எத்தனை பேர் கை இருந்தது தெரியுமா? எதிர்வீட்டு அத்தை ராத்திரியில் தன் கிரைண்டரைக் கொடுத்தார். சைக்கிளில் இட்லி விற்ற அண்ணன், எந்த ஏரியாவில் எத்தனை மணிக்குப் போனால் விற்கும் என்று சொல்லிக்கொடுத்தார். இருபது பெண்கள் மாதம் 500 ரூபாய் போட்ட சீட்டில் அந்த மாதம் பணம் எடுக்க வேண்டியவர், அதை அப்படியே அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். மழைக்கு முன்னால் கூரைத் தகரம் மாற்ற அவர் வைத்திருந்த பணம் அது. அந்த மழைக்காலம் முழுக்க அவர் வீடு ஒழுகியது.

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். படிக்க இடமில்லை. பிள்ளையார் கோயில் திண்ணையில்தான் படித்தோம். மாடிவீட்டு அக்கா பி.காம். முடித்தவர், கணக்குச் சொல்லித்தந்தார். ஃபீஸ் ஒன்றுதான்: பாஸானால் அடுத்த வருஷம் இரண்டு பேருக்கு நீ சொல்லித்தர வேண்டும். மராத்திப் பாடத்துக்குப் பக்கத்து கல்லி காகு, மராத்திக்கார அத்தை. இன்று நான் செவிலியர். எனக்குப் பின்னால் அதே கல்லியிலிருந்து ஐந்து பெண்கள் நர்சிங் படித்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் விதிக்கு வருகிறேன். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. மாடியில் இருப்பவர்களுக்கு வெளியே. அப்படியானால் கிரைண்டர் அத்தை இங்கே, கணக்கு அக்கா எங்கேயோ. இங்கே வீடு கிடைப்பவர்களுக்கும் குலுக்கல் போட்டு ஒதுக்கினால், ஒருவர் மூன்றாம் மாடி, ஒருவர் வேறு கட்டடம். அப்புறம் சீட்டு யாரை நம்பிப் போடுவது?

ஒரு கல்லிக்காரர்களை ஒரே கட்டடத்தில், முடிந்தால் ஒரே தளத்தில் வையுங்கள். மாடிக் குடும்பங்களையும் பிரிக்காதீர்கள். பிள்ளைகள் படிக்கத் தளத்துக்கு ஒரு பொது அறை விடுங்கள். கணக்கெடுப்புத் தாளில் இன்னும் ஒரே ஒரு கேள்வி சேருங்கள்: உங்கள் பக்கத்து வீட்டில் யார் இருக்க வேண்டும்? என் அம்மா யோசிக்காமல் பதினோரு பெயர் சொல்வார்.

இப்படிக்கு,
90 அடி ரோட்டுப் பெண் ஒருத்தி