"அது உங்கட உண்மை" என்று இனிமேல் சொல்லாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் மாதாமாதம் தத்துவக் கூட்டம் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் நடந்ததை நான் விளக்கத் தேவையில்லை. சுன்னாகம் பக்கத்து அம்மா ஒருவர் எழும்பி, தன் கிணற்றில் எண்ணெய் மிதந்த காலத்தைச் சொன்னார். அள்ளிய தண்ணீரை மணந்து பார்த்துவிட்டு ஊற்றியதையும், எப்போது வரும் என்று தெரியாத தண்ணீர்ப் பவுசருக்காகக் கானோடு ஒழுங்கையில் காத்து நின்றதையும் சொல்லிவிட்டு, ஆறில்லாத இந்தச் சுண்ணக்கல் மண்ணில் கிணறும் போனால் என்ன செய்வது என்று கேட்டார். உரையாற்றியவர் சிரித்துக்கொண்டே, "அது உங்கட உண்மை அம்மா, மற்றப் பக்கத்துக்கும் ஒரு உண்மை இருக்கும்" என்றார். அம்மா பேசாமல் இருந்துவிட்டார். நீங்கள் கைதட்டினீர்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒருவர் தான் அறிந்ததைச் சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள்.

எந்த அறிவையும் சந்தேகிக்கும் ஐயவாதியும் அதைத்தான் கேட்பான். காரணத்துக்குக் காரணம் கேட்டுக்கொண்டே போனால் அது முடிவில்லாமல் நீளும், இல்லையென்றால் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும், அதுவுமில்லையென்றால் எங்கோ ஓரிடத்தில் சும்மா நிறுத்த வேண்டும் என்ற, பழைய கிரேக்க ஐயவாதி அக்ரிப்பாவின் சிக்கலை உரையாளர் நன்றாகவே சொன்னார். சரி, ஆனால் கடைசி அத்திவாரம் கிடைக்கவில்லை என்றால் எல்லார் சொல்லுக்கும் ஒரே எடை என்று ஆகிவிடுமா? மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்ற கிரேக்கச் சிந்தனையாளர் புரொத்தகோரஸை, 'நீர் சொல்வது பிழை என்று நினைப்பவனும் அப்போ சரிதானே' என்று பிளேட்டோ எப்போதோ மடக்கியாயிற்று. எங்கள் சைவ சித்தாந்திகளும் அறியும் வழிகளாக 10 அளவைகளை எண்ணி, காட்சி (நேரே காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்று மூன்றுக்குள் அடக்கினார்களே தவிர, அவரவர் அளவை அவரவருக்கு என்று விட்டுவிடவில்லை. 2019இல் உயர் நீதிமன்றம்கூட, இந்தக் கிணறுகள் பற்றி முரண்பட்ட அறிக்கைகள் முன்னால் இருந்தும், எது நம்பத்தக்கது என்று பார்த்து, சுன்னாகத்தில் மின்நிலையம் நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

பல்கலைக்கழக அனுமதிக்கான பிள்ளையின் இசட் புள்ளி குறைந்தால் மீள்பரிசீலனைக்கு ஓடுகிறோம். அப்போது மட்டும் 'பரீட்சைத் திணைக்களத்துக்கும் ஒரு உண்மை' என்று யாரும் பேசக் காணோம். 4 மணிக் கூட்டம் 5 மணிக்குத் தொடங்குவது யாருடைய உண்மை என்பதும் எனக்கு விளங்கவில்லை.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவை முதலில் பேசவிடுங்கள். அவர் முடித்த பிறகு, எப்படித் தெரியும் என்று தயவுசெய்து கேளுங்கள். அவரிடம் பதில் இருக்கிறது.

இப்படிக்கு,
பின்வரிசையில் இருக்கும் ஒருவன்