மேடைக்கு வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

பி.எட். இரண்டாம் ஆண்டின் எழுத்துத் தேர்வுகளை முடித்து, விடுதி அறையைக் காலி செய்துவிட்டு, ஆரணிக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்போது, பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணியில் சேரவிருக்கிறேன். எனக்குக் கிடைக்கப்போகும் பட்டச் சான்றிதழில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். மதிப்பெண் பட்டியலில் கல்லூரியின் பெயரும் இருக்கும். எங்கள் முதல்வருக்கும் பேராசிரியர்களுக்கும் வழியனுப்பு விழா மேடையிலேயே நன்றி கூறிவிட்டோம். அந்த மேடைக்கு அழைக்கப்படாத, எந்தப் பதிவேட்டிலும் பெயர் இடம்பெறாத சிலர் இல்லையென்றால் இந்தக் கடைசி வாரங்களை நான் கடந்திருக்கவே முடியாது. அவர்களுக்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, பயிற்சிக்காக எங்களை ஏற்றுக்கொண்ட அரசு உயர்நிலைப் பள்ளிக்கு உரியது. 2015ஆம் ஆண்டில் பி.எட். ஈராண்டுப் படிப்பாக மாறியபோது, மாணவ ஆசிரியர்கள் பள்ளியில் இருக்க வேண்டிய காலமும் 20 வாரங்களாக நீண்டது. அதில் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டில் வருகின்றன. எங்களுக்கு அது படிப்பின் ஒரு பகுதி. பள்ளிக்கோ, பாடங்களை உரிய காலத்தில் முடிக்க வேண்டிய நெருக்கடியும் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் இருக்கும்போதே, வகுப்பறையைப் புதியவர் ஒருவரின் கையில் ஒப்படைக்கும் துணிவு அது. அந்தத் துணிவுக்கு ஊதிய உயர்வோ பாராட்டுச் சான்றிதழோ கிடைப்பதை நான் பார்த்ததில்லை.

என் வழிகாட்டி ஆசிரியை அம்மா அவர்கள், ஒன்பதாம் வகுப்பை என்னிடம் கொடுத்துவிட்டு ஓய்வறைக்குச் சென்று விடைத்தாள் திருத்தியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து என் பாடத்தைக் கேட்டார். ஒளி விலகல் பாடத்திற்கு முந்தைய நாள் என் பாடக்குறிப்பை வாங்கிப் படித்தவர், “இந்தச் சோதனையை மேசைமேல் வைத்துக் காட்டினால் முதல் பெஞ்சுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் தன் கண்ணால் பார்க்கிற மாதிரி செய்யுங்கள்” என்றார். அதற்கு நிறைய டம்ளர்கள் வேண்டும். அவற்றைத் தந்து உதவியவர் சத்துணவுக் கூடத்துச் சமையலர் அக்கா. கழுவிக் கவிழ்த்திருந்த எவர்சில்வர் டம்ளர்களைக் கூடையோடு தூக்கிக் கொடுத்து, “மத்தியானத்துக்குள்ள வந்துடணும் டீச்சர்” என்று மட்டும் சொன்னார். என்னை முதன்முதலில் டீச்சர் என்று அழைத்தவரும் அவர்தான்.

இருவர் இருவராகப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். டம்ளரின் அடியில் ஒரு ரூபாய் நாணயம். ஒருவர் நாணயம் விளிம்பில் மறையும் வரை மெல்லப் பின்னால் நகர்ந்து, தலையை அசைக்காமல் இருக்க வேண்டும். மற்றவர் நாணயம் நகர்ந்துவிடாதபடி நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். நீர் ஏற ஏற, மறைந்திருந்த நாணயம் பார்ப்பவரின் கண்ணுக்கு மீண்டும் தெரியத் தொடங்கும். நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளிக்கதிர், நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாக வரையும் கோடான செங்குத்துக்கோட்டை விட்டு விலகிச் செல்வதால் நாணயம் மேலெழுந்ததுபோல் தோன்றுகிறது என்று நான் சொல்லும் முன்னரே, வகுப்பின் மூலைக்கு மூலை “வந்துடுச்சு மிஸ்” என்ற குரல் எழுந்தது. இடம் மாறி உட்கார்ந்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். மதிய உணவு மணிக்கு முன் டம்ளர்களைக் கழுவி அடுக்கி எடுத்துச் சென்றவர்களும் அவர்களே.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் தனியாக நன்றி கூற வேண்டும். வகுப்பறையில் காணும் சிக்கலை ஆசிரியரே ஆராய்ந்து தீர்வு தேடுவதுதான் செயல் ஆய்வு. என் செயல் ஆய்வுக்கு, ஒளி செல்லும் பாதையைக் காட்ட அவர்கள் வரைந்த கதிர்ப்படங்களையே எடுத்துக்கொண்டேன். கண்ணாடிப் பட்டகத்தைச் சாய்வாக வைத்து வரையச் சொன்னபோது, பலர் செங்குத்துக்கோட்டைப் பட்டகத்தின் பரப்புக்குச் செங்குத்தாக வரையாமல், தாளின் கீழ்விளிம்புக்குச் செங்குத்தாக வரைந்திருந்தார்கள். ஏன் அப்படி வரைந்தாய் என்று கேட்டபோது அவர்கள் தயங்காமல் விளக்கம் சொன்னார்கள். செங்குத்து என்றாலே தரையிலிருந்து நேராக மேலே நிற்பது என்பதுதான் அவர்கள் மனத்தில் இருந்த படம். இதைக் கேட்டபின் பட்டகத்தோடு சேர்த்துத் தாளையும் திருப்பித் திருப்பி வைத்து வரையச் சொன்னோம். என் ஆய்வறிக்கையில் பயனுள்ளதாக ஏதேனும் இருக்குமானால், அது அந்தப் பிள்ளைகளின் பதில்களிலிருந்து வந்தது.

அந்த அறிக்கையை இறுதிசெய்த காலத்தில்தான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் நடந்துகொண்டிருந்தது. வழிகாட்டி ஆசிரியை வேறொரு பள்ளியில் அறைக் கண்காணிப்பாளராக இருந்தார். காலையெல்லாம் தேர்வறையில் நின்றுவிட்டு, பிற்பகல் வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் பள்ளிக்கு வந்து, என் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக் கையொப்பமிட்டார். பார்க்காமல் போட்ட கையொப்பம் ஒன்றுகூட இல்லை. ஒரு மாணவியைப் பற்றி மட்டும் விரிவாக எழுதும் தனியாள் ஆய்வுப் பதிவேட்டைப் படிக்கும்போது மட்டும் நிறுத்தி, அந்த மாணவியின் வீட்டுச் சூழலைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு வரிகளை நீக்கச் சொன்னார். “நம்மை நம்பிச் சொன்னது, தேர்வாளர் படிக்க வேண்டியதில்லை” என்றார். ஜூன் மாதம் எனக்கென ஒரு வகுப்பு கிடைக்கும்போது நான் உடன் எடுத்துச் செல்லும் அறிவுரைகளில் இதையே தலையாயதாகக் கருதுகிறேன். தலைமையாசிரியர் ஐயா அவர்களோ, ஆய்வகச் சாவியை என்னிடமே கொடுத்து, பாடத்தை விளக்க உதவும் துணைக்கருவிகளை மாலை நேரங்களில் செய்து பார்க்க அனுமதித்தார்.

செய்முறைத் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர்கள் என் துணைக்கருவிகளில் ஒன்றை மட்டும் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தார்கள். அதைத் தந்தவர் என் தந்தை. அவர் பட்டு நெசவாளர். சேலையின் கரையிலும் முந்தானையிலும் பூ விழுவதற்கு, தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகளைக் கோத்து ஓட்டுவார்கள். எந்த இழை மேலெழ வேண்டும் என்பதை அந்தத் துளைகளே தீர்மானிக்கும். டிசைன் மாறியதும் பழைய அட்டைகள் மூட்டையாகக் கட்டிப் பரணில் போடப்படும். ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதைக் காட்ட, ஒரே உயரத்தில் துளையுள்ள மூன்று அட்டைகள் வேண்டும் என்று சொன்னேன். ஒரே மாதிரி துளைகள் அமைந்த அட்டைகளைத் தேடியெடுத்து, வேண்டாத துளைகளைத் தாள் ஒட்டி மூடி, மரக்கட்டையில் கீறல் போட்டு நிற்கவைத்துத் தந்தார். மூன்று துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் மெழுகுவர்த்திச் சுடர் தெரியும். நடு அட்டையைச் சற்று நகர்த்தினால் மறைந்துவிடும். தேர்வாளர் ஒருவர் இந்த அட்டை எங்கே கிடைத்தது என்று கேட்டார். எங்கள் வீட்டுத் தறியில் என்று பதில் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நிறைவை இங்கே முழுமையாக எழுதிவிட இயலாது. சேலைக்கான கூலி தாமதமான மாதங்களிலும் என் விடுதிக் கட்டணம் தாமதமாகாமல் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும், இளநிலைப் பட்டம் படித்தபோது மாதம் 1,000 ரூபாய் வழங்கித் துணைநின்ற புதுமைப் பெண் திட்டத்திற்கும் என் நன்றி.

விடுதித் தோழியரை எப்படி மறப்பேன்? ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 வினாக்கள். அறிவியல், கணிதம் சேர்ந்து 60 என்றால், தமிழுக்கு 30, ஆங்கிலத்துக்கு 30, குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் 30. அறிவியல் படித்த நான் இலக்கணத்தைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழ்ப் பாடப்பிரிவுத் தோழி, தன் பதிவேடுகளை எழுதி முடித்த பிறகு இரவில் எனக்குப் புணர்ச்சியும் தொகைநிலையும் சொல்லிக்கொடுத்தாள். உளவியல் கோட்பாடுகளை நாங்கள் எல்லோரும் சேர்ந்து படித்தோம். இப்போது ஆளுக்கொரு மாவட்டம் போய்விட்டாலும், அந்தப் படிப்பு தொலைபேசியில் தொடர்கிறது.

கல்லூரிக்கு எதிரே நகலகம் வைத்திருக்கும் அண்ணன், செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவு மின்சாரம் தடைப்பட்டபோதும் கடையை அடைக்காமல், கைப்பேசி வெளிச்சத்தில் எங்கள் வகுப்புப் பதிவேடுகளை அடுக்கி வைத்து, மின்சாரம் வந்தபின் பைண்டிங் செய்துகொடுத்தார். வழக்கமான கட்டணத்தைத்தான் வாங்கினார். பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தில் நாள்தோறும் சென்றுவந்த எங்களை, கையில் சார்ட்டு சுருளும் அட்டைப்பெட்டியுமாக ஓடிவரும்போது விசில் கொடுக்காமல் காத்திருந்து ஏற்றிக்கொண்ட நடத்துநருக்கும் என் வணக்கம்.

ஒரு வேண்டுகோளையும் இங்கே முன்வைக்க விரும்புகிறேன். செய்முறைத் தேர்வு நாளிலோ வழியனுப்பு விழாவிலோ, பயிற்சிப் பள்ளிகளின் வழிகாட்டி ஆசிரியர்களைக் கல்வியியல் கல்லூரிகள் அழைத்துப் பெருமைப்படுத்த வேண்டும். எங்கள் மதிப்பெண்ணில் அவர்களுடைய உழைப்பு கலந்திருக்கிறது. அவர்கள் மேடையில் அமர்ந்திருக்க, அடுத்த ஆண்டு மாணவியர் நேரில் நன்றி சொல்லும் நிலை வர வேண்டும் என்பது என் ஆசை.

ஜூன் மாதம் பணியில் சேர்வதற்கு முன், பயிற்சிப் பள்ளிக்கு நேரில் வந்து இம்மடலின் படியைத் தலைமையாசிரியர் ஐயாவிடம் ஒப்படைப்பேன். மூன்று அட்டைகள் கொண்ட அந்தத் துணைக்கருவியைப் பள்ளி ஆய்வகத்திற்கே கொடுத்துவிடத் தந்தையும் சம்மதித்துவிட்டார். எனக்கு வேறொன்று செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி,
ஆரணி வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.